மரண ரயில் பாதையில் சைக்கிள்

1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படைக்கு வேகம் கொடுத்தது சைக்கிள். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே பிரிட்டிஷார் போட்டு வைத்திருந்த நல்ல தார்ச்சாலைகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் துப்பாக்கியையும் மூட்டையையும் கட்டிக்கொண்டு தெற்கு நோக்கி மிதித்து வந்தார்கள். பின்வாங்கிய படை பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிர்த்தரப்பு மிரண்டதும் உண்டு. சைக்கிள் பழுதானால் வழியிலுள்ள ஊர்களில் பறித்துக்கொண்டார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து தமிழர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனது அதற்குப் பின் நடந்தது.

போர் நடந்த நாட்டுப்புறங்களில் சைக்கிளில் சுற்றுவது இன்று பல நாடுகளில் ஊன்றிவிட்ட வழக்கம். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றியும், பிரான்சின் சோம் பள்ளத்தாக்கிலும், நார்மண்டிக் கடற்கரையிலும் இதற்கென்றே வழிகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். இப்பயணங்களைப் போற்றுகிறவர்கள் சைக்கிளை அமைதியின் வாகனம் என்றே எழுதுகிறார்கள். பெட்ரோல் புகை இல்லை, சத்தம் இல்லை, ஆகவே மாண்டவர்களின் மண்ணுக்கு இதுதான் மரியாதையான வாகனம் என்பது அவர்கள் வாதம். ஆசியாவில் அந்த வாதம் அப்படியே செல்லாது. இங்கே சைக்கிளும் படையெடுத்து வந்த வாகனம். அதில் ஏறி உட்கார்ந்ததாலேயே வரலாற்றின் நல்ல பக்கத்தில் இருக்கிறோம் என்று யாரும் நினைத்துக்கொள்ள முடியாது. இந்தப் பயண முறை உண்மையில் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் வழி, தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து குவே நோய் ஆற்றை ஒட்டி வடமேற்கே பர்மா எல்லைக்குப் போகும் வழி. சயாம் மரண ரயில் போன வழி அது.

பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கப்பலில் தளவாடம் அனுப்புவது நேசநாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் போங் அருகிலுள்ள நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை காடும் மலையுமான 415 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட முடிவு செய்தார்கள். 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-ல் இரு முனையும் சேர்ந்து முடிந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மலாயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் என்று ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேருக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்பார்கள். கைதிகளுக்கு இருப்பதுபோன்ற கணக்கு இவர்களுக்குக் கிடையாது என்பதால்தான் எல்லாமே மதிப்பீடாக நிற்கிறது.

பாங்காக்கிலிருந்து வேனில் வருகிறவர்கள் இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்கிறார்கள். பாலத்தில் நின்று படம், கல்லறைத் தோட்டத்தில் சற்று நேரம், சிறிது தூரம் ரயில், மதியச் சாப்பாடு, திரும்புதல். அவர்கள் மனதில் இருக்கும் பாலம் 1957-ல் வந்த டேவிட் லீனின் திரைப்படத்திலிருந்து வந்தது. அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கிதுல்கலவில், களனி ஆற்றில். காஞ்சனபுரியில் நிற்பது மரப்பாலமே இல்லை, இரும்புப்பாலம். வளைந்த இரும்புக் கூடுகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் நேர்க்கோடாக இருக்கும் இரண்டு, குண்டுவீச்சில் உடைந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. வேனில் வருகிறவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கும் முன்பே ஓட்டுநர் ஹாரன் அடித்துவிடுவார்.

சைக்கிள்காரருக்கு அந்த அவசரம் இல்லை. காஞ்சனபுரியில் ஆற்றோர விடுதிகளிலேயே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். நகரைத் தாண்டி ஆற்றைக் கடந்து சில கிலோமீட்டர் மிதித்தால் சுங்கைக் கல்லறைத் தோட்டம். கைதிகளின் மருத்துவ முகாம் இருந்த இடத்தில், குவே நோய் கரையிலேயே அமைந்தது அது. நகரத்துப் பெரிய கல்லறைக்குப் போகும் கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே வராது. அதைத் தாண்டினால் மரவள்ளியும் கரும்பும் நெல்லும். ஒரு திருப்பத்தில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டிப்போகும். அங்கேயே மலைக்கால் ஒன்றை வெட்டிப் பிளந்து பாதையை உள்ளே விட்டிருப்பது தெரியும். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அந்தப் பிளவின் வாயில் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள். பெயர்ப்பலகை உள்ள இடங்களுக்கு நடுவே இருப்பதைப் பார்க்க விடுவது இந்தப் பயணத்தின் முதல் பலம். முகாம்கள் பாதை நெடுகச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்தன. இன்று அவற்றில் மிகப் பெரும்பாலானவை வயலாகவோ காடாகவோ இருக்கின்றன. வேனின் கண்ணாடி வழியே அவை வெறும் பச்சை.

இதைவிடப் பெரிய பலம் ஒன்றுண்டு. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சைக்கிள் உடம்பில் எழுதிக் காட்டிவிடும். காஞ்சனபுரியிலிருந்து எல்லை நோக்கிப் போகும் 323-ஆம் எண் நெடுஞ்சாலை, வரைபடத்தில் ரயில் பாதையோடு சேர்ந்து போவதுபோலத் தோன்றும். ஓட்டிப் பார்த்தால்தான் இரண்டும் எவ்வளவு வேறு என்று தெரியும். சாலை மேட்டில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மோட்டார் வண்டிக்கு அது பொருட்டில்லை. பாரம் இழுக்கும் நீராவி எஞ்சினால் அப்படி ஏற முடியாது. அதற்கு ஏறத்தாழச் சமமான தரை வேண்டும். எனவே பாதை ஆற்றோடு ஒட்டிக்கொண்டது. ஆறு மலையை ஒட்டி வளைந்த இடத்தில் செங்குத்துப் பாறையில் மரச்சட்டங்களைக் கட்டி அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். மலைக்கால் குறுக்கே வந்த இடத்தில் பாறையைப் பிளந்தார்கள். பள்ளம் வந்த இடத்தில் கூடைகூடையாக மண் சுமந்து கரை எழுப்பினார்கள்.

அதாவது, சைக்கிளில் போகிறவருக்கு எங்கெல்லாம் தொடை கடுத்துக் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஆற்றுப்பக்கம் கீழே யாரோ பாறை உடைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை எந்த அருங்காட்சியகப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஹெல்ஃபயர் கணவாய் என்று பேர் பெற்ற கொன்யூ வெட்டுக்குப் போகுமுன் சாலையில் வரும் நீண்ட ஏற்றத்தை மிதித்து முடித்துவிட்டு, படி வழியே பழைய பாதைக்கு இறங்கினால் இது விளங்கும். இரு பக்கமும் பாறைச்சுவர். சுவரில் மேலிருந்து கீழாக அரைவட்டக் குழாய் போலத் துளைகளின் தடம். ஒருவன் கையில் இரும்புத் துளைக்கோலைப் பிடித்துச் சுழற்ற, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, கைவேலையாகப் போட்ட துளைகள் அவை. துளையில் வெடி வைத்துத் தகர்த்து, உடைந்த கல்லைக் கையால் அள்ளிக் கொட்டினார்கள். 1943 ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடித்த வெட்டு. இரவிலும் மூங்கில் தீ வெளிச்சத்தில் வேலை நடந்தது. அந்தத் தீயில் எலும்பும் தோலுமான ஆட்களின் நிழல் ஆடிய காட்சிதான் நரகத் தீ என்ற பெயரைக் கொடுத்தது. துளைத் தடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ஒரு துளைக்கு எத்தனை அடி விழுந்திருக்கும் என்ற கேள்வி தானாக வரும்.

தூரத்தின் பொருளும் அப்படித்தான். 1943 ஏப்ரலில் எஃப் படை என்று பெயரிட்டு 7,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளைச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார்கள். பான் போங்கில் ரயிலை விட்டு இறக்கி, எல்லையோர முகாம்கள் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் இரவு இரவாக நடத்திக் கூட்டிப்போனார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 300 கிலோமீட்டர் என்பதை நாற்காலியில் இருந்து படிப்பதற்கும், நல்ல சாலையில் நல்ல சைக்கிளில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பல நாள் மிதித்தும் தீராமல் அது நீள்வதைப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இங்கேதான் இந்தப் பயண முறையின் முதல் கோளாறும் தொடங்குகிறது. உடம்பு தூரத்தைக் கற்றுக்கொள்கிறது என்பது உண்மை. உடனே உடம்பு துயரத்தையும் கற்றுக்கொண்டதாக மனம் சொல்ல ஆரம்பிக்கிறது. வெயிலில் நா வறண்டு ஓர் ஏற்றத்தை முடித்தவர், அவர்கள் பட்டதில் கொஞ்சமாவது பட்டுவிட்டோம் என்று எழுதுகிறார், பேசுகிறார். இது பொய் என்று சொல்லத் தயங்கக் கூடாது. அவருக்குப் பையில் தண்ணீர் இருக்கிறது. வேண்டாம் என்றால் நிறுத்தலாம். மாலையில் குளித்துவிட்டுச் சாப்பிடலாம். தானே தேர்ந்துகொண்ட களைப்பும் பிரம்படிக்குப் பயந்து எழுந்து நிற்கும் களைப்பும் ஒரே இனமல்ல. வலியை ஒப்பிட்டுப் பார்ப்பதால் இறந்தவர்கள் அருகில் வருவதில்லை. ஓட்டுபவர் தன்னைப் பற்றிய கதை ஒன்றை அவர்கள்மேல் ஏற்றிவிடுகிறார், அவ்வளவுதான். ஏற்றத்திலிருந்து பொறியியலைக் கற்கலாம். அதற்குமேல் அந்த ஏற்றத்திடம் எதையும் கேட்கக் கூடாது.

அடுத்த கோளாறு பருவம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். காஞ்சனபுரியில் சைக்கிள் ஓட்ட நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலையில் இதமான குளிர், தெளிந்த வானம், அடங்கிய ஆறு. எல்லா வழிகாட்டிகளும் அந்த மாதங்களையே சொல்கின்றன, சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் இந்தப் பாதை மனிதர்களைத் தின்றது மழைக்காலத்தில். 1943 மே மாதத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. லாரிப் பாதைகள் சேறாயின. தற்காலிகப் பாலங்கள் அடித்துப்போயின. மேற்புறத்து முகாம்களுக்கு அரிசி வருவது நின்றது. ஓலைக்கூரை ஒழுகியது, கழிப்பிடக் குழிகள் நிரம்பி வழிந்தன, அதே தண்ணீர் ஓடைக்குப் போனது. வாந்திபேதி பரவியது. தண்டவாள வேலையோ குறித்த நாளுக்குள் முடிய வேண்டும் என்று அந்த மாதங்களில்தான் இரட்டிப்பு வேகத்தில் முடுக்கப்பட்டது. சாவுக்கு வேலை பாதி காரணம், தண்ணீர் பாதி காரணம்.

டிசம்பரில் அவ்வழியே போகிறவர் இந்தத் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது கரும்பு அறுவடை. சாலையில் பாரம் பிதுங்க ஏற்றிய கரும்பு லாரிகள் காற்றை வீசியடித்துக் கடந்துபோகும். சோகை எரித்த வயல்களிலிருந்து கரிய துகள்கள் பறந்து வந்து வியர்த்த சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அழகான, உழைப்பு மணக்கும் நாட்டுப்புறம். இந்த நிலம் எப்படி ஒரு லட்சம் பேரைக் கொன்றிருக்கும் என்று அவருக்குப் புரியாமல் போவது இயல்பு. தவறான மாதத்தில் படித்தால் நிலம் தவறான பாடத்தைத்தான் சொல்லும். மழையில் நெடும்பயணம் போகச் சொல்லவில்லை. ஆனால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரே ஒரு நாள் சுங்கை வரை மிதித்துவிட்டு, குவே நோய் எந்த நிறத்தில் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று பார்த்து வருவது, குளிர்கால வாரம் ஒன்றைவிட அதிகம் சொல்லித் தரும்.

மூன்றாவது கோளாறு சாலையுடையது. நெடுஞ்சாலை தன்னைத்தான் காட்டும். ரயில் நாம் தோக் வரை இன்றும் ஓடுகிறது. அதற்கப்பால் தண்டவாளத்தைப் போருக்குப் பின் பெயர்த்துவிட்டார்கள். பாதையின் நீண்ட பகுதி ஒன்று 1980-களில் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. தாய்லாந்தில் இருந்த 304 கிலோமீட்டர் போக, மீதி 111 கிலோமீட்டர் பர்மாவில். அங்கே சைக்கிள் பயணிகள் நினைத்தபடி போக வழியில்லை. பர்மியத் தொழிலாளர்கள் பெருவாரியாகச் செத்த அந்தப் பக்கம் இந்தப் பயணக் கதைகளில் இல்லாமலே போகிறது. வாங் போ அருகில் பாறையை ஒட்டிப் போகும் மரச்சட்டப் பாலத்தை ரயிலில் இருந்தோ நடந்தோதான் காண முடியும். சைக்கிளால் மட்டும் இந்தப் பாதையைப் பார்த்துவிடலாம் என்பது பிடிவாதம். ஒரு வழி மிதித்து, ஒரு வழி ரயிலில் வருவதே ஒழுங்கு. வண்டி அந்த மரப்பாலத்தில் நத்தை வேகத்துக்குக் குறைந்து, ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளிப் பாறை நகரும்போது, சாலையில் இருந்து பார்த்தது எவ்வளவு குறைவு என்று தெரியவரும்.

இவை எல்லாம் ஓட்டுபவர் தானே சரிசெய்துகொள்ளக்கூடியவை. அவர் கையில் இல்லாத ஒன்றுதான் என் முக்கியமான குறை. போர்நிலத்தில் சைக்கிள் எங்கே நிற்கிறது? கல்லறை இருக்கும் இடத்தில், அருங்காட்சியகம் இருக்கும் இடத்தில், பலகை இருக்கும் இடத்தில். பலகை வைத்தவர் யார் என்பதைப் பொறுத்து நம் பயணத்தின் வழி முன்பே முடிவாகிவிடுகிறது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அங்கே ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகிறார்கள். புல் சீராக வெட்டப்பட்டு, ஒவ்வொரு வெண்கலப் பலகையிலும் பெயர், படைப்பிரிவு, வயது, பலவற்றில் குடும்பத்தார் சொல்லி அனுப்பிய ஒரு வரி. ஹெல்ஃபயர் கணவாயின் அருங்காட்சியகம் 1998-ல் ஆஸ்திரேலிய அரசு கட்டியது. ஒவ்வோர் ஏப்ரல் 25 விடியலிலும் அங்கே ஆஸ்திரேலியர்கள் கூடி அஞ்சலி செய்கிறார்கள். தங்கள் பிள்ளைகளை அவர்கள் இப்படிப் பேணுவதில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. குறை அவர்கள்மேல் இல்லை.

ஆனால் சைக்கிள் பயணி இந்தக் கல்லறைகளை இணைத்து ஒரு கோடு போடுகிறார். அந்தக் கோட்டில் தமிழன் எங்கும் இல்லை. பல நாள் மிதித்தும், தன் வாகனம் எல்லா இடத்திலும் நிற்கக்கூடியது என்ற பெருமையோடு மிதித்தும், அவர் பெரும்பான்மையினரின் சாவைத் தொடாமலே வந்துவிடுகிறார். வேனில் வந்தவருக்கும் இவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடே இல்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்று பார்க்க வேண்டும். போர் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பர், அக்டோபரில், கைதிகளையே உள்ளடக்கிய குழு ஒன்று பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தார்கள். இது சாத்தியமானதற்குக் காரணம், கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், அந்த அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்துச் சாவுப் பட்டியலை ரகசியமாக எழுதி ஒளித்து வைத்திருந்தார்கள். தோட்டத் தமிழருக்கு அப்படி ஒரு கட்டமைப்பு இல்லை. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி அழைத்தவர்களும், வராதபோது வளைத்துப் பிடித்தவர்களும் அவர்களைப் பெயர் பெயராகக் காப்பாற்றும் எண்ணத்தில் இல்லை. பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் இருந்தன. பெரும்பாலான முகாம்களில் மருத்துவர் கிடையாது. வாந்திபேதி வந்தபோது செத்தவர்களைக் குவித்து எரித்தார்கள், ஒரே குழியில் போட்டார்கள், சில இடங்களில் போடக்கூட ஆளில்லை. 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும்தான் கே படை, எல் படை என்று கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் மிகவும் காலம் கடந்துவிட்டது. போருக்குப் பின் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு படைவீரர்களோடு நின்றது. கூலி ஆட்கள் எந்த ஆணையத்தின் பொறுப்பிலும் வரவில்லை.

காஞ்சனபுரிக் கல்லறையில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். பெரும்பாலும் வாந்திபேதியில் இறந்து எரிக்கப்பட்ட சுமார் 300 கைதிகளின் சாம்பல் அங்கே இரண்டே குழிகளில் இருக்கிறது. அவர்கள் பெயர்கள் ஒன்றுவிடாமல் மண்டபத்துப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன. நுழைவாயில் கட்டடத்தில், தாய்லாந்தில் வேறெங்கோ புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள் 11 பேரின் பெயர்கள் தனியே இருக்கின்றன. உடல் இல்லாவிட்டாலும், தனிக்குழி இல்லாவிட்டாலும், பெயரை வைத்து ஒருவரை நினைவில் நிறுத்தும் முறை அந்த வாயிலிலேயே நம் கண்முன் இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு அவசரமில்லாமல் உள்ளே போகிறவர் இதைப் படிக்க முடியும். அந்த வகையில் மெதுவான பயணம் உதவுகிறது.

தமிழர் தடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும். பாலத்துக்கு அருகில் ஜப்பானிய ராணுவமே 1944-ல் கட்டிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர்களில் பல மொழிகளில் அஞ்சலி வாசகம், அவற்றில் ஒன்று தமிழ். கொன்றவர்கள் எழுதி வைத்த தமிழ் அது, படிக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் தமிழர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்குக் கல்லில் உள்ள சாட்சி அது. பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே வாட் தாவோன் வரராம் என்ற கோயில். பிற்காலத்தில் தோண்டக் கிடைத்த ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் அதன் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல்லும் நிறுத்தியிருக்கிறார்கள். 1990-ல் இதே பகுதியில் வயல் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. மரவள்ளிக் காட்டின் ஓரமாக மிதித்துப் போகிறவர் இந்தச் செய்தியைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தக் காட்டை வேறுவிதமாகப் பார்ப்பார். தெரியாவிட்டால் சைக்கிள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் பயனில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். இந்த வழியைச் சைக்கிளில் பார்ப்பது வேனில் பார்ப்பதைவிட நிச்சயமாக மேலானது. நிலம், தூரம், ஏற்றம், பாறை ஆகியவற்றை அது நேர்மையாகக் கற்பிக்கிறது. சிறு கடைகளில் சாப்பிட வைக்கிறது, ஊர்க்காரர்களோடு பேச வைக்கிறது. ஆனால் மனிதர்களைப் பற்றி அது தானாக எதுவும் கற்பிப்பதில்லை. அதைப் படித்துவிட்டு வர வேண்டும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படிக்காமல் இந்த வழியில் மிதிக்கும் தமிழரின் பயணம் பாதிப் பயணம் என்று துணிந்து சொல்வேன். கைதிகளின் நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றையும் படியுங்கள். ஆனால் லயத்திலிருந்து கிளம்பிய குரல் வேறெங்கும் கிடைக்காது.

போகிற முறையையும் மாற்றிக்கொள்ளலாம். பாலத்திலிருந்து தொடங்காமல் வாட் தாவோன் வரராமிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் பெரிய கல்லறை, நினைவுத்தூண், பாலம், சுங்கை. அடுத்த நாட்களில் நெடுஞ்சாலை வழியே ஹெல்ஃபயர் கணவாய். திரும்பும்போது நாம் தோக்கிலிருந்து ரயில். வெயில் ஏறுமுன் மிதித்து முடித்துவிடுங்கள். கரும்பு லாரிகள் ஓடும் மாதங்களில் சாலையின் ஓரப்பட்டையை விட்டு உள்ளே வராதீர்கள். வயலுக்குள் இறங்குமுன் உரிமையாளரைக் கேளுங்கள், அது அவர்கள் சோறு விளையும் நிலம்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ தமிழ்நாட்டிலோ இதைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ, பெரியப்பாவோ, அத்தையோ இருந்தால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், எந்த ஆண்டு என்ற மூன்றும் தெரிந்தால் போதும். மலேசியாவில் இதற்காகவே உழைக்கும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களிடம் கொடுங்கள். பலகையில் பொறிப்பதற்குப் பெயர்கள் வேண்டும். அவை இன்னும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன.